டாம் டவுட்: அணுகுண்டு ப்ராஜெக்ட்ல இருந்தவர் ரெக்கார்டிங் இஞ்சினியர் ஆனாராமே, உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாலா_ஃபேடர்:

மக்களே வணக்கம். சவுண்ட் இஞ்சினியரிங் படிச்சிட்டு இருக்கேன். ஒரு டாக்குமென்டரில இருந்து வெட்டிப் போட்ட வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. தாடி வச்ச ஒரு பெரியவர் கன்சோல் முன்னாடி உக்காந்து லேலா பாட்டோட மல்டிட்ராக்க (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா பதிஞ்ச டேப்) ஓட விடுறாரு, ஒவ்வொரு ஃபேடரா (வால்யூமுக்கு மேல கீழ தள்ளுற கட்டை) ஏத்தி ஏத்தி இது எரிக் கிளாப்டன் கிட்டார், இது டுவேன் ஆல்மன் கிட்டார்னு பிரிச்சுக் காட்டுறாரு, வாயெல்லாம் பல்லா சிரிக்கிறாரு. பேரு டாம் டவுட். அத விடாம திரும்பத் திரும்பப் பாத்துட்டு இருக்கேன்.

இப்ப டவுட்டு என்னன்னா (பேரும் அதேதான், மன்னிச்சுக்கோங்க), கமெண்ட்ல ஒருத்தர் இவர் அணுகுண்டு செஞ்ச விஞ்ஞானின்னு எழுதிருக்காரு, இன்னொருத்தர் ஃபேடர், எட்டு ட்ராக் ரெக்கார்டிங் ரெண்டையும் கண்டுபிடிச்சதே இவர்தான்னு அடிச்சு விடுறாரு. இதுல எது நெசம், எது கதை?

அதோட இன்னொண்ணு. எங்க க்ளாஸ்ல ஒரு சண்டை. இஞ்சினியர்னா மைக் வச்சு லெவல் பாக்குற ஆளு, பாட்டு எப்படி வரணும்னு முடிவு பண்றது புரொட்யூசர்னு பாதிப் பேர் சொல்றாங்க. அப்படிப் பாத்தா இந்த ஆளு எந்தப் பக்கம்? நெட்ல தேடினா ஒரு இடத்துல இஞ்சினியர், இன்னொரு இடத்துல புரொட்யூசர், இன்னொரு இடத்துல எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்னு போட்டிருக்கு.

---

ஜாஸ்பித்தன்:

தம்பி நல்ல கேள்வி. அணுகுண்டு விஷயம் நெசம்தான், ஆனா விஞ்ஞானி கிஞ்ஞானின்னு சொல்றதெல்லாம் கொஞ்சம் ஓவர். 1925ல நியூயார்க் மன்ஹாட்டன்ல பொறந்தவர். அம்மா ஆபெரா பாடகி, அப்பா ஆர்கெஸ்ட்ரால கான்சர்ட் மாஸ்டர், அதனால சின்ன வயசுலயே பியானோ, வயலின், ட்யூபா, டபுள் பேஸ்னு எல்லாத்தையும் தொட்டுப் பாத்தாச்சு. இந்த விஷயத்த மனசுல வச்சுக்க, பின்னாடி வேணும். 16 வயசுல ஹைஸ்கூல் முடிச்சு கொலம்பியா யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ் லேப்ல வேலைக்குச் சேந்தாரு, அங்கதான் சைக்ளோட்ரான் (அணுத்துகள்கள வேகமா முடுக்குற மெஷின்) ஓடிட்டு இருந்துச்சு. 18 வயசுல ராணுவத்துல எடுத்தாங்க, எடுத்து எங்கயும் அனுப்பல, அதே லேப்ல யூனிஃபார்ம் மாட்டி உக்கார வச்சு நியூட்ரான் கற்றைய அளக்குற வேலைய பாக்கச் சொல்லிட்டாங்க, ஏன்னா அது அணுகுண்டு செய்ற மன்ஹாட்டன் ப்ராஜெக்ட் வேலை. குண்டு செஞ்சவர்னு சொல்ல முடியாது, அந்தப் பெரிய மெஷினுக்குள்ள ஒரு சின்னப் பையன், அவ்ளோதான். 1946ல பிகினி தீவுல நடந்த அணுகுண்டு டெஸ்ட்டுக்கும் போயிட்டு வந்திருக்காரு.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். திரும்பி வந்து நியூக்ளியர் ஃபிசிக்ஸ்ல டிகிரி வாங்கலாம்னு கொலம்பியாவுக்கே போறாரு. அங்க பாடத்திட்டம் எல்லாம் போருக்கு முந்தின ஃபிசிக்ஸ். இவர் லேப்ல கண்ணால பாத்தது அதத் தாண்டி எங்கயோ போயிடுச்சு, ஆனா எல்லாம் ரகசியம், வாய தொறந்து சொல்லக் கூடாது, பண்ண வேலைக்கு க்ரெடிட்டும் கிடையாது. தப்புன்னு தெரிஞ்ச பாடத்த நாலு வருஷம் உக்காந்து எழுதணுமான்னு விட்டுட்டாரு. கார்ல் ஃபிஷர்னு ஒரு க்ளாசிக்கல் ரெக்கார்டிங் ஸ்டுடியோல வேலைக்குச் சேந்தவர் அப்படியே இந்தப் பக்கம் வந்துட்டாரு. அமெரிக்க அரசாங்கம் அந்தக் காகிதத்துக்கெல்லாம் சீல் வைக்காம இருந்திருந்தா நமக்கு பாடகர் ரே சார்ல்ஸ் வேற மாதிரி கேட்டிருக்கும்னு நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டுத் திரிவேன், யாரும் மதிக்கிறதில்ல.

அடுத்து அவர் போய்ச் சேந்த அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் 1947ல ஆரம்பிச்ச சின்னக் கம்பெனி, அஹ்மத் எர்டெகன், ஹெர்ப் ஆப்ரம்சன் ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிச்சது. 53ல ஜெர்ரி வெக்ஸ்லர் வந்து சேந்தாரு. ஆஃபீஸ் 56வது தெருவுல ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு மேல் மாடி. ஸ்டுடியோன்னு தனியா எதுவும் கிடையாது. பகல்ல வெக்ஸ்லரும் எர்டெகனும் மேஜை போட்டு ஃபோன் பேசுவாங்க, ராத்திரி ஆனா மேஜைங்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஓரந்தள்ளிட்டு, மடக்கு நாற்காலி போட்டு, மைக் நட்டு ரெக்கார்டிங். ஷேக் ராட்டில் அண்ட் ரோல்னு ஜோ டர்னர் பாடினது 1954ல வந்துச்சுல்ல, அதுல கோரஸா கத்துறது இந்த முதலாளிங்களேதான். ஆள் பத்தாக்குறை.

---

மிக்ஸ்_மணி:

ஃபேடர் மேட்டருக்கு நான் வரேன், தினமும் விரல் வைக்கிற சாமான்.

அவர் கண்டுபிடிக்கல. நீளவாட்டுல நகத்துற ரெசிஸ்டன்ஸ் எப்பவோ இருக்கு, நாம ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் லேப்ல அந்தப் பெரிய ரியோஸ்டாட்ட தள்ளிட்டு உக்காந்திருப்போமே, அது என்னவாம். ஆனா அந்தக் காலத்து ம்யூசிக் கன்சோல்ல வால்யூம் எல்லாம் உருண்டைக் குமிழ், ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து வந்த பழக்கம், உள்ளங்கை அளவுக்கு இருக்கும். ஒரு கைக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. எட்டு சேனல் இருந்தா பாட்டு ஓடும்போதே எட்டையும் எப்படிப் புடிப்ப? இவர் லேப்ல கெடந்து வந்த ஆளு, நகர்ற கண்ட்ரோல பக்கத்துப் பக்கத்துல ஒட்டினாப்ல வச்சு கன்சோல் கட்டிட்டாரு. பத்து விரலும் பத்து சேனல்ல. பியானோ மாதிரி வாசிக்கலாம்னு அவரே சொல்லிருக்காரு, சும்மா சொல்லல, பியானோ தெரிஞ்ச ஆளு. மேல ஜாஸ்பித்தன் அண்ணன் மனசுல வச்சுக்கன்னு சொன்னாரே, அது இங்க வருது.

எட்டு ட்ராக்கும் அதே கதைதான். மெஷின் செஞ்சது ஆம்பெக்ஸ் கம்பெனி, 1957ல முதல் மெஷின் கிட்டார்காரர் லெஸ் பால் வீட்டுக்குப் போச்சு. ஒரு இஞ்ச் அகல டேப்புல எட்டு வரிசை. டவுட் இதக் கேள்விப்பட்டு முதலாளிங்கள நச்சரிச்சு 58லயே ஒண்ணு வாங்க வச்சுட்டாரு. ஒரு சின்ன லேபிள், விலையோ பயங்கரம், எதுக்குடா எட்டுன்னு கேக்குற காலம். இது எவ்ளோ முன்னாடின்னா, பீட்டில்ஸ் 1967ல சார்ஜென்ட் பெப்பர் ஆல்பம் பண்ணினது நாலு ட்ராக் மெஷின்ல. அவங்க ரெக்கார்ட் பண்ணின அபி ரோடு ஸ்டுடியோல எட்டு ட்ராக் வந்தது 68ல. பத்து வருஷம்!

ரே சார்ல்ஸோட வாட்'ட் ஐ ஸே 59 பிப்ரவரில எட்டு ட்ராக்ல புடிச்சது. அது மேடையில நேரத்த ஓட்ட சும்மா வாசிச்சுட்டே போய் உருவான பாட்டு, ஏழு நிமிஷத்துக்கு மேல போகுது, ஒரு சிங்கிள் பக்கத்துல அடங்காது. டவுட் அத வெட்டி ஒட்டி பார்ட் ஒன், பார்ட் டூன்னு தட்டோட ரெண்டு பக்கத்துக்கும் பிரிச்சாரு. எங்க வெட்டுறதுங்குறதுதான் விஷயம். ரே ஒரு இடத்துல நிறுத்துற மாதிரி நிறுத்துறாரு, கூட இருக்குறவங்க கத்துறாங்க, திரும்ப ஆரம்பிக்குது. முதல் பக்கம் முடிஞ்சதும் தட்ட திருப்பிப் போடாம இருக்க முடியாது. இத லெவல் பாக்குற வேலைன்னு உன் க்ளாஸ் பசங்க சொன்னாங்கன்னா டேப்பும் ப்ளேடும் குடுத்து வெட்டச் சொல்லு.

---

கிட்டார்குமார்:

மணி அண்ணே எல்லாம் சரி, ஆனா முடிவு எடுத்தது எர்டெகனும் வெக்ஸ்லரும்தானே? புரொட்யூசர்னு பேரு அவங்களுக்குத்தான் இருக்கு. இவர நல்ல டெக்னீஷியன்னு சொல்லலாம், அதுக்கு மேல ஏத்தி விடுறீங்களோன்னு தோணுது. எல்லா ஃபோரத்துலயும் இப்படித்தான், செத்துப்போன இஞ்சினியர்னா உடனே தெய்வம்.

---

சுதா_வினைல்:

குமார், அவசரப்படாதீங்க. மெம்ஃபிஸ் கதையும் க்ரீம் கதையும் சொல்றேன், அப்புறம் நீங்களே சொல்லுங்க.

1963. மெம்ஃபிஸ்ல ஸ்டாக்ஸ்னு ஒரு லேபிள், பழைய சினிமா தியேட்டர ஸ்டுடியோவா மாத்தினது, தரை இன்னும் சரிவாவே இருக்கும். அவங்க பாட்ட விக்கிறது அட்லாண்டிக். பாட்டு வரல, என்னடான்னு கேட்டா டேப் மெஷின் படுத்துக்கிச்சுன்னு பதில். வெக்ஸ்லர் உடனே டவுட்ட ஃப்ளைட் ஏத்தி அனுப்பிட்டாரு. போனாரு, மெஷின பிரிச்சு மேஞ்சு ஓட வச்சாரு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு ம்யூசிஷியன்ஸ் எல்லாம் எட்டிப் பாக்க வந்தாங்க, கூடவே பாடகர் ரூஃபஸ் தாமஸ் வந்தாரு, சரி மெஷின் ஓடுதான்னு பாப்போம்னு வாக்கிங் தி டாக் பாட்ட புடிச்சுட்டு, அந்த டேப்ப கையில எடுத்துக்கிட்டு நியூயார்க் திரும்பிட்டாரு. பெரிய ஹிட்டு. ரிப்பேருக்குப் போன ஆளு ஹிட் பாட்டோட வரது எந்த ஊர்ல நடக்கும் சொல்லுங்க.

அதுக்கப்புறம் ஸ்டாக்ஸ்காரங்களோட நல்லாப் பழகிட்டாரு. அந்த ஊர்ல எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து வாசிப்பாங்க, நியூயார்க் மாதிரி நோட்ட நீட்டி வாசிங்கன்னு சொல்ற வழக்கம் கிடையாது. அது இவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1965 ஜூலைல பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கோட ஓட்டிஸ் ப்ளூ ஆல்பத்த கிட்டத்தட்ட ஒரே நாள்ல முடிச்சாங்க, நடுவுல வாத்தியக்காரங்க ராத்திரி கச்சேரிக்கு ஓடிப் போய்ட்டு விடியக்காலைல திரும்பி வந்து வாசிச்சிருக்காங்க. இஞ்சினியர் டவுட். ரெஸ்பெக்ட் பாட்டும் அந்த ஆல்பத்துலதான் இருக்கு, ஓட்டிஸ் எழுதிப் பாடினது. ரெண்டு வருஷம் கழிச்சு 1967 காதலர் தினத்தன்னிக்கு நியூயார்க்ல அரீதா ஃப்ராங்க்ளின் அதே பாட்ட பாடுறாங்க, R-E-S-P-E-C-Tன்னு எழுத்து எழுத்தா கூட்டிச் சொல்றதெல்லாம் அரீதா சேத்தது, அன்னிக்கும் கன்சோல்ல டவுட்தான். ஆம்பள பாடினப்ப வீட்டுக்கு வந்தா மரியாதை குடுன்னு இருந்த பாட்டு, அரீதா வாயில வேற பாட்டாவே ஆயிடுச்சு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ஓட்டிஸ்கிட்ட ஹார்ன் (ட்ரம்பெட், சாக்ஸபோன் மாதிரி ஊதுற வாத்தியம்) முன்னாடி இடிக்கும், அரீதாகிட்ட குரலும் தங்கச்சிங்களோட கோரஸும் மூஞ்சிக்கு நேரா நிக்கும்.

அடுத்து க்ரீம், கிளாப்டன் கிட்டார் வாசிச்ச ராக் பேண்ட். அதே 67 மே மாசம் இங்கிலாந்துல இருந்து வந்தாங்க, விசா முடியப் போகுது, கையில சில நாள்தான் இருக்கு. ஆள் உயரத்துக்கு மார்ஷல் ஆம்ப் அடுக்கி வச்சு ரூமே அதிருது. டிஸ்ரேலி கியர்ஸ் ஆல்பம் முழுசும் அந்த நாலு நாளுக்குள்ள முடிஞ்சது. அதுல புரொட்யூசர் ஃபீலிக்ஸ் பப்பலார்டி, டவுட் வெறும் இஞ்சினியர், குமார் உங்களுக்கு சந்தோஷம். ஆனா சன்ஷைன் ஆஃப் யுவர் லவ் பாட்டுக்கு டிரம்ஸ் செட் ஆகாம முட்டிட்டு நின்னப்ப, பழைய கௌபாய் படத்துல செவ்விந்தியர் வரும்போது அடிப்பாங்களே அந்த மாதிரி தாளத்த கீழ டாம் டாம்ல அடிச்சுப் பாருங்கன்னு தான் சொன்னதா டவுட் சொல்லிருக்காரு. க்ரீம் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் அதெல்லாம் கிடையாது, என் ஐடியாதான்னு கடைசி வரைக்கும் சாதிச்சாரு. யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, பேக்கர் எதையும் யாருக்கும் விட்டுக்குடுக்குற ஆள் இல்லங்குறது மட்டும் ஊருக்கே தெரியும்.

---

கிட்டார்குமார்:

அக்கா அந்த செவ்விந்தியர் தாளம் கதை நானும் கேட்டிருக்கேன். ஓகே பாதி ஒத்துக்கிறேன், மீதி பாதிக்கு லேலா பத்தி யாராவது சொல்லுங்க. அதுலயும் புரொட்யூஸ்ட் பை கிளாப்டனோட பேண்டேதான், இவருக்கு எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்னுதான் போட்டிருக்காங்க.

---

மிக்ஸ்_மணி:

அந்தப் பேர வச்சு ஒண்ணும் புரியாது குமார், அன்னிக்கு மியாமில நடந்தத பாத்தாதான் புரியும்.

67ல அட்லாண்டிக்க வார்னர் பக்கம் வித்துட்டாங்க, அப்புறம் டவுட்டோட வேலை மெல்ல மியாமி க்ரைட்டீரியா ஸ்டுடியோ பக்கம் நகந்துச்சு. 1970ல அங்க டுவேன் ஆல்மனோட பேண்ட் ஆல்மன் பிரதர்ஸ வச்சு ஐடில்வைல்ட் சவுத் ஆல்பம் பண்ணிட்டு இருக்காரு, நடுவுல கிளாப்டன் வரப் போறார்னு ஃபோன். டுவேன் ஆல்மனுக்கு கிளாப்டன்னா உயிரு. ஆகஸ்ட் 26 மியாமில ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரி. டவுட் கிளாப்டனையும் அவர் பேண்டையும் வண்டியில ஏத்திட்டுப் போய் மேடைக்கு நேர் முன்னாடி தரையில உக்கார வச்சுட்டாரு. டுவேன் கண்ண மூடி சோலோ வாசிச்சுட்டு கண்ண தொறந்தா எதிர்ல கிளாப்டன், கை அப்படியே நின்னு போச்சு. இன்னொரு கிட்டாரிஸ்ட் நிலைமைய புரிஞ்சுகிட்டு சோலோவ புடிச்சு ஓட்டினதா சொல்லுவாங்க. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் ஸ்டுடியோவுக்கு வந்து விடிய விடிய வாசிச்சாங்க. டவுட் டேப்ப ஓட விட்டுட்டே இருந்தாரு.

இந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல கொண்டு வந்து சேத்தது யாரு? அதுக்கு எந்தக் கணக்குல பேர் போடுவீங்க?

சவுண்ட் விஷயமும் பாருங்க. க்ரீமுக்கு மலை மாதிரி ஆம்ப் வச்ச அதே கிளாப்டன், லேலாவுல குட்டி ஃபெண்டர் ஆம்ப் வச்சு வாசிக்கிறாரு. சின்ன ஆம்ப்ப முழுசா தொறந்து விட்டா கத்தும், ஆனா ரூம ரொப்பாது, அதனால பக்கத்து மைக்ல போய் ஒழுகாது, கிட்டார் கிட்டாரா தனித்தனியா பிரிஞ்சு நிக்கும். நீ பாத்த வீடியோல அவர் ஒவ்வொண்ணா ஏத்திக் காட்டுறாரே, அப்படிக் காட்ட முடியுறதுக்குக் காரணம் இதுவும்தான். கடைசில வர பியானோ பகுதி சில வாரம் கழிச்சு டிரம்மர் ஜிம் கோர்டன் வாசிச்சது, ரெண்டு தனித்தனி டேக், ஒட்டின இடம் தெரியாம ஒட்டிருக்காரு.

---

ஜாஸ்பித்தன்:

மணி, ஃபில்மோர் ஈஸ்ட் கதைய விட்டுட்டியே. குமார், உன் மீதி பாதி இங்கதான் இருக்கு.

1971 மார்ச். டவுட் ஆப்பிரிக்கால கானா நாட்டுல சோல் டு சோல் கச்சேரி வேலை முடிச்சுட்டு நியூயார்க்ல வந்து எறங்குறாரு. ஆல்மன் பிரதர்ஸ் அந்த ஊர் கச்சேரி ஹால் ஃபில்மோர் ஈஸ்ட்ல வாசிக்கிறாங்க, லைவ் ரெக்கார்டிங், வாசல்ல பதினாறு ட்ராக் மெஷின் வச்ச வண்டி நிக்குது. நேரா வண்டிக்குள்ள போய் உக்காறாரு, எல்லாம் ஜோரா போகுது, திடீர்னு ஸ்பீக்கர்ல சாக்ஸபோன் கேக்குது. இவருக்குத் தெரியாமலேயே டுவேன் சில ஹார்ன் ஆளுங்கள கூட்டிட்டு வந்துட்டாரு, ஸ்ருதி வேற சேரல, சத்தம் மத்த எல்லா மைக்லயும் கலந்து போச்சு, அப்புறம் நீக்கவும் முடியாது. ப்ரேக் விட்டதும் வண்டிலருந்து குதிச்சு ஓடிப் போய் டுவேன புடிச்சு, இந்த ஹார்ன் போகணும், இப்பவே போகணும்னு நின்னுட்டாரு. டுவேன் மறுப்பு சொல்லல. அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி கச்சேரி முடிஞ்சதும் எல்லாரையும் அட்லாண்டிக் ஸ்டுடியோவுக்கு இழுத்துட்டுப் போய் டேப்ப போட்டுக் கேட்டு, இது சரியா வந்துடுச்சு விட்டுடலாம், இது வரல நாளைக்குத் திரும்ப வாசிங்கன்னு அடுத்த நாள் கச்சேரிக்குப் பாட்டு வரிசையே அங்கதான் முடிவாச்சு. இன்னிக்கும் லைவ் ஆல்பம்னா முதல்ல அந்த ஆல்பத்த சொல்றாங்க.

இதுல எது இஞ்சினியர் வேலை, எது புரொட்யூசர் வேலை? மத்த மைக்ல ஒழுகுதுன்னு கோவப்பட்டது இஞ்சினியர், ஸ்ருதி சேரலன்னு கோவப்பட்டது ஆபெரா பாடகி பையன், நாளைக்கு எது வாசிக்கணும்னு சொன்னது புரொட்யூசர். ஆள் ஒருத்தர்தான். எல்லா இஞ்சினியராலயும் இப்படி முடியுமான்னா முடியாது, ஸ்கோர் படிக்கத் தெரியாம எத்தனையோ நல்ல இஞ்சினியருங்க இருக்காங்க, அதுல தப்பும் இல்ல. ஆனா டுவேன் மாதிரி ஒரு ஆளு எதிர்த்துப் பேசாம கேக்கணும்னா சொல்றவனுக்கு சங்கீதம் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம் 74ல கிளாப்டனோட 461 ஓஷன் புலவார்டு, 75ல ராட் ஸ்டூவர்ட்டோட அட்லாண்டிக் கிராசிங், லினர்ட் ஸ்கினர்ட்னு நிறைய, எல்லாத்துலயும் புரொட்யூசர்னே பேர் வந்துடுச்சு. எனக்கு அந்தக் காலம் அவ்வளவு ஒட்டல, பாட்டுங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மேஜைய அடுக்கிட்டு ரெக்கார்ட் பண்ணின காலத்துல இருந்த முறுக்கு இல்ல. இது என் ரசனை, சண்டைக்கு வராதீங்க.

---

பாலா_ஃபேடர்:

அடேங்கப்பா எல்லாருக்கும் நன்றி, இத அப்படியே ப்ரிண்ட் போட்டு க்ளாஸ்ல ஒட்டலாம் போல. ஒரே ஒரு சந்தேகம், ராக், சோல் எல்லாம் சொல்லிட்டீங்க, ஜாஸும் பண்ணிருக்காருன்னு பாத்தேன். இஞ்சினியரிங் காதால கேக்கணும்னா எதுல ஆரம்பிக்கிறது? ஹெட்ஃபோன்ல கேக்குறேன், நல்ல ஸ்பீக்கர் கிடையாது.

---

சுதா_வினைல்:

ஹெட்ஃபோன்தான் சரி பாலா. 1960 டிசம்பர்ல சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் பண்ணின ஃப்ரீ ஜாஸ் ஆல்பம் எடுத்துக்கோங்க. ரெண்டு முழு குவார்ட்டெட் ஒரே நேரத்துல வாசிக்குது, ஒண்ணு இடது சேனல்ல, ஒண்ணு வலது சேனல்ல. ஸ்டீரியோ வீட்டுக்கு வந்தே ரெண்டு மூணு வருஷம்தான் ஆச்சு அப்ப. ஒரு காத கழட்டிட்டு கேளுங்க, நாலு பேர் தனியா வாசிக்கிற ஆல்பம். அடுத்த காத மாத்துங்க, அது இன்னொரு ஆல்பம். ரெண்டையும் மாட்டினா தலை சுத்தும், முதல் தடவையே பிடிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

அது தாங்கலன்னா 59ல எடுத்த, சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனோட ஜயண்ட் ஸ்டெப்ஸ் ஆல்பம். சாக்ஸபோன் எங்க நிக்குது, டிரம்ஸ் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு கை நீட்டிக் காட்டலாம்.

---

ஜாஸ்பித்தன்:

சுதா சொன்னதுல ரெண்டாவதுல ஆரம்பி தம்பி, முதலாவதுல ஆரம்பிச்சா நீ ஜாஸையே விட்டு ஓடிடுவ. அந்த வீடியோ வந்த டாக்குமென்டரி மார்க் மூர்மன் எடுத்தது, 2003ல வந்துச்சு. டவுட் 2002 அக்டோபர்லயே ஃப்ளோரிடால போய்ட்டாரு, நுரையீரல் நோய், 77 வயசு. ராக் ஹால் ஆஃப் ஃபேம்ல 2012ல சேத்தாங்க. முழுப் படமும் ஒன்றரை மணி நேரம்தான், க்ளிப்பா பாக்காம முழுசா பாரு. ரே சார்ல்ஸ் வந்து பேசுற இடம் வரும், அத விட்றாத.